குரோனர் பார்த்த கலியாணம்

எண்பதுகளின் நடுவில் எனக்கு இரண்டு சம்பந்தங்கள் ஒரே கிழமையில் வந்தன. ஒரு மாப்பிள்ளை நோர்வேயில், மற்றவர் டென்மார்க்கில். நாங்கள் அப்போது லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். நான் குரோய்டனில் ஒரு லோண்டரியில் துணி மடிக்கிற வேலை செய்தேன். யாராவது மணி கேட்டால்கூட, கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் நிற்கிற ஆள் நான்.

இரண்டு பேருக்கும் வயதும் படிப்பும் ஏறக்குறைய ஒன்று. சாதகமும் இருவருக்கும் பொருந்தியது. நோர்வேக்காரருக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. டென்மார்க்காரருக்குப் பன்றியிறைச்சித் தொழிற்சாலையில். நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர். அம்மா முகத்தைச் சுளித்தார். சம்பந்தம் கொண்டுவந்த தரகர் உடனே, “அக்கா, அவர் இறைச்சியைத் தொடுறேல்லை. பெட்டியைத்தான் தொடுறவர்” என்றார்.

“மீன் மட்டும் மரக்கறியோ?” என்று அப்பா கேட்டார். அதோடு அந்த வாதம் முடிந்தது.

அப்பாவின் அளவுகோல் வேறு. ஊரில் அவர் பாடுபட்டுச் சேர்த்த ரூபா, லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு நல்ல சப்பாத்து வாங்கவும் போதவில்லை. அன்றிலிருந்து ஒரு நாட்டின் காசு எவ்வளவு கனம் என்று பார்க்காமல் அந்த நாட்டைப்பற்றி அவர் வாய் திறக்கமாட்டார். “காசு விழுந்தால் நாளைக்கு என்ரை பிள்ளை எதிலை அரிசி வாங்கிறது?” என்பார். இரண்டு நாட்டுக் காசுக்கும் பெயர் குரோனர்தான். ஆனால் அந்த நாளில் நோர்வேயின் குரோனர் டென்மார்க்கினதைவிட நன்றாகவே கனம். ஆகவே நோர்வே என்று அப்பா சொல்லிவிட்டார். ஆனாலும் முறைக்கு இரண்டு பேரும் டெலிபோனில் என்னோடு ஒருமுறை கதைக்கலாம் என்றார்.

டென்மார்க்காரர் தன் காரைப்பற்றிக் கதைத்தார். அதன் சில்லுகளைப்பற்றித் தனியாகக் கதைத்தார். நோர்வேக்காரர், “அங்கை மழையோ?” என்றார். “ஓம்” என்றேன். “இஞ்சை பனி” என்றார். பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம். அவர் மூச்சு விடுவது கேட்டது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

“சும்மா இருக்கிறதுக்கோ டெலிபோன் எடுத்தவர்?” என்று அப்பா பக்கத்தில் நின்று கத்தினார். ஆனால் முடிவை மாற்றவில்லை. நான் வாய் திறக்காமலே என் விருப்பம் நிறைவேறப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் எண்ணெய் விலை விழுந்து, நோர்வே அரசாங்கம் தன் காசின் மதிப்பைத் தானே இறக்கியது.

“தங்கடை காசைத் தாங்களே விழுத்துறாங்கள்! இப்பிடியும் ஒரு சனமோ?” அப்பா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டார். நோர்வே இன்னும் கொஞ்சம் மேலேதான் நின்றது. ஆனாலும் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. தரகரிடம் “பொறுப்பம்” என்றார். என்னிடம், “பிள்ளை, வேலையாலை வரேக்கை ஸ்டேசனிலை ரேட் பாத்திட்டு வா” என்றார்.

ஸ்டேசனுக்குள் காசு மாற்றுகிற கண்ணாடி அறை ஒன்று இருந்தது. அதன் பலகையில் ஒரு பவுண்டுக்கு எந்த நாட்டில் எத்தனை என்று போட்டிருக்கும். எந்தக் குரோனர் குறைவாகக் கிடைக்கிறதோ அதுதான் கனமான குரோனர். நான் தூணோரம் நின்று இரண்டு எண்களையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஓடிவருவேன். உள்ளே இருந்த வெள்ளைக்காரர் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பழகிவிட்டார். ஒருநாள் நான் கிட்டப் போகமுதலே இரண்டு எண்களையும் உரக்கச் சொன்னார். வரிசையில் நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு ஒரு கிழமை பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு குரோனரும் மெல்ல மெல்ல நெருங்கி வந்தன. குளிர்காலத்தில் டென்மார்க் ஒரு மயிரிழை மேலே போனது. அப்பா ஞாயிற்றுக்கிழமைக்குத் தரகரைக் கூப்பிட்டார்.

“முடிவு என்ன, அண்ணை?”

“டென்மார்க்.”

“நல்லது. பிள்ளையையும் ஒரு சொல்லுக் கேப்பமோ?”

“அவள்தானே ரேட் பாத்து வந்தவள். கேளும்.”

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு அந்தக் கதைக்காத ஆளைத்தான் பிடிச்சிருக்கு” என்றேன்.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், “நோர்வே விழுந்தாப்பிறகோ சொல்லுறாய்? ஏறி நிக்கேக்கை சொல்லியிருக்கலாமே!” என்றார்.

“ஏறி நிக்கேக்கை நீங்களே ஓமெண்டு சொன்னனீங்கள். பிறகு நான் ஏன் கதைக்க?”

தரகர் சிரிப்பை அடக்கத் தேத்தண்ணியை வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். அப்போதுதான் அம்மா குசினியில் இருந்து வந்தார்.

“இஞ்சேருங்கோ, ஒரு பவுண்டுக்கு இப்ப ஆர் கூடக் குடுக்கிறான்?”

“நோர்வேக்காரன். அதாலைதான் சொல்லுறன்—”

“அப்ப கூடக் குடுக்கிறவனை விட்டிட்டு, குறைச்சுக் குடுக்கிறவனுக்கோ பிள்ளையைக் குடுக்கப்போறியள்?”

அப்பா பிரித்தும் பெருக்கியும் விளங்கப்படுத்தினார். பிஸ்கட்டுகளை அடுக்கிக் காட்டினார். அம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, “ஓம், அதைத்தான் நானும் சொல்லுறன். தாராளமான சனம்” என்றார். தேத்தண்ணி ஆறிவிட்டது. அப்பா களைத்துப்போனார்.

“சரி. ஆனால் அவர் இஞ்சை வரவேணும். வந்து பவுண்டிலை உழைக்கவேணும். அது விழாது.”

அடுத்த கோடையில் பக்கத்து ஊரான சட்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம் நடந்தது. அவர் வந்து, ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பாவுக்கு முன்னால் “ஓம் மாமா”வைத் தவிர எதுவும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பவுண்டும் சறுக்கியது. டெலிவிஷன் முழுக்க அதுதான். அன்று அப்பா அம்மாவுக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. யாரும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. பருப்பு ஒரு சுற்று வந்து முடிந்தது. அப்போது என்ரை மனிசன் தலையை நிமிர்த்தாமல், “மாமா, பவுண்டும் விழுந்திட்டுதாம். என்னைத் திருப்பி அனுப்புவியளோ?” என்றார்.

அம்மாவின் கையில் அகப்பை அந்தரத்தில் நின்றது. அப்பா என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, டென்மார்க் இப்ப என்ன ரேட்?”