அவள் நடந்ததை நான் அருளென்று அறிவித்த நாள்

அன்னையே, உன் பெயரைச் சொல்லி நான் செய்த பிழையை உன் பெயரைச் சொல்லியே எழுதத் தொடங்குகிறேன். இம்முறையேனும் என் சொல் ஒருவரையும் வருத்தாதபடி காப்பாயாக.

மூன்றாண்டுகளுக்கு முன், ஆடிப்பூர நன்னாளில், பீடோருக்கு அருகே எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நிகழ்ந்தது இது. தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்து, குடும்பங்கள் ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்துவிட்டாலும், திருவிழாவுக்குக் கூடிவிடுவோம். பதிகம் ஓதுவதும் ஒலிபெருக்கியில் பேசுவதும் நெடுங்காலமாக என் பணி.

என் தங்கை மகளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோய். உடம்பெங்கும் தசைவலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. இரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாது; அதனாலேயே பலர் நம்பவில்லை. நானும் முதலில் சோம்பல் என்றே எண்ணினேன். மருத்துவர் கடிதத்தைக் காட்டி, நின்று செய்யும் வேலையை நாற்காலியில் அமர்ந்து செய்ய அனுமதி பெற்றிருந்தாள். அந்த நாற்காலி இருந்ததால்தான் வேலையில் நீடித்தாள். கணவரை இழந்தவள், இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்மணி அவளை நடக்கச் சொல்லியிருந்தார். முதலில் ஐந்து நிமிடம். உடம்பு தாங்கினால் அடுத்த வாரம் ஏழு. வலி குறைந்த நாளிலும் அளவை மீறலாகாது. எட்டு மாதம் வீட்டருகே திடலைச் சுற்றி அப்படியே நடந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தவளை, "என்னம்மா, பஸ்ஸு பிடிக்கப் போறியா?" என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அந்த ஆடிப்பூரத்தன்று ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை பால்குடம் சுமந்து அரைமணி நேரம் நடந்து வந்தாள். என் கண்கள் நிறைந்தன. நோய் தீர்க்குமாறு வேண்டும் பதிகங்களை வாழ்நாளெல்லாம் ஓதியவனுக்கு, அது கண்முன் நிகழ்ந்துவிட்டதாகத் தோன்றியது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒலிபெருக்கியை எடுத்து, மருத்துவத்தால் தீராத நோயை அம்பாள் தீர்த்துவிட்டாள், இதோ சாட்சி என்று அவளைச் சுட்டி அறிவித்தேன். கூட்டம் கைகூப்பியது. அவளோ குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் தூணைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றாள். அதையும் பக்தி என்றே கொண்டேன்.

கூட்டத்தில் அவளுடைய தொழிற்சாலைச் சூப்பர்வைசரும் இருந்தார், அவரும் எங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்தான்.

அடுத்த நான்கு நாள் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்குப் போனபோது நாற்காலி இல்லை.

நானே பேசிச் சரிசெய்கிறேன் என்று அவளுடன் அந்தச் சூப்பர்வைசரைப் பார்க்கப் போனேன். அவர் மரியாதையாக எழுந்து நின்றார். நாற்காலியை மீண்டும் தரும்படி கேட்டேன்.

"ஐயா, அம்மன் குணமாக்கிட்டாங்கனு நீங்கதானே மைக்குல சொன்னீங்க? மேலயும் அப்படியே சொல்லிட்டேன். இப்ப வந்து இல்லங்கிறீங்க. அப்ப சாமி பேரச் சொல்லி பொய்யா பேசினீங்க?"

அறியாமல் பேசிவிட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஊரறியச் சொன்னதைத் திரும்பப் பெறுவது அம்பாளுக்கே குறைவு என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன். உண்மையில் நான் காத்தது என் மதிப்பை. "அம்பாள் அருள் பொய்க்காதுப்பா" என்று முனகினேன்.

"அப்புறம் என்னா லா, நாற்காலி எதுக்கு?" என்றார் அவர்.

வெளியே வந்ததும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, எனக்கு வலி போகல. வலியோட நடக்கப் பழகிக்கிட்டேன், அவ்வளவுதான். எட்டு மாசம் நான் நடந்தத ஒரு நிமிஷத்துல சாமி கணக்குல போட்டுட்டீங்க. சரி, இன்னிக்காவது எனக்காகப் பேசியிருக்கலாம் இல்ல?"

இரண்டு மாதம் நின்றபடியே வேலை செய்து பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். காலங்கடந்து நான் எழுதிய விளக்கக் கடிதம் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவள் இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள். எங்கள் தோட்டத்தார் இன்றும் அந்த அற்புதத்தைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அவள்தான் திருவிழாவுக்கு வருவதில்லை.

இதைப் படிக்கும் அனைவரையும் அன்னை காப்பாளாக; உங்கள் வீட்டில் வலியோடு நடப்பவர் எவரேனும் இருந்தால், அவர் சொல்லி முடிக்கும்வரை வாய் திறவாதிருக்கும் பொறுமையை, எனக்கு வாய்க்காத அந்தப் பொறுமையை, உங்களுக்கு அருள்வாளாக.