குதிரை வைத்த செக்

எடைக்கல்லில் கைவைக்காத மனுஷன் என்று அருப்புக்கோட்டையில் காசிராஜனுக்கு நல்ல பெயர். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். மனைவி கஸ்தூரியோடு செஸ் ஆடும்போது மட்டும் அந்த நேர்மையைக் கடையிலேயே பூட்டிவிட்டு வருவார். அது அவளுக்குத் தெரிய ஏழு வருஷமாயிற்று.

ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். மத்தியானம் கடை அடைத்த நேரத்தில் எதிரே உட்கார ஆள் வேண்டுமே! சிப்பாய் நேரே நகரும், மூலைவாட்டில் வெட்டும். யானை நேராகவும் பக்கவாட்டிலும் ஓடும். மந்திரிக்கு மூலைவாட்டுப் பாதை, ராணிக்கு எல்லாப் பாதையும். குதிரை இரண்டு கட்டம் போய் ஒரு கட்டம் திரும்பும், நடுவில் யார் நின்றாலும் தாண்டும். எதிராளியின் ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்கினால் ஆட்டம் முடிந்தது. கஸ்தூரி சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

நரிக்குடியில் அவள் தம்பி தன் பிள்ளைக்குக் காது குத்தினான். வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காமல் ஆள் விட்டுச் சொன்னான் என்று காசிராஜனுக்குக் கோபம். அன்றோடு கஸ்தூரி பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றாகிவிட்டது. அவள் அழுது கேட்டால் பலகையைக் காட்டிச் சிரிப்பார்.

"என்னைய ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு. மறுநாளே பஸ்ஸு ஏத்தி விடுறேன்."

அறுபத்தாறாம் வருஷம் பங்குனியில், அம்மா தங்கம்மாள் படுத்த படுக்கையாகிவிட்டாள், மகளைக் கேட்கிறாள் என்று தகவல் வந்தது. அன்று கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள். கடைசியில் அவர் ராஜா மூலையில் தன் காய்களுக்கு நடுவிலேயே நெருக்குண்டு நின்றது. கஸ்தூரி குதிரையைத் தாண்ட வைத்தாள்.

"செக்குங்க. ராஜாவுக்குப் போக இடமில்ல. நாளைக்கு நான் ஊருக்குப் போறேன்."

காசிராஜன் ராஜாவைச் சுற்றியிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குதிரையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

"குதிரையால ராஜாவுக்கு செக் வைக்கக் கூடாது. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

கற்றுக்கொடுத்தவரே சொல்கிறார், அவள் எதை வைத்து மறுப்பாள்? அந்த ஆட்டத்தில் தோற்றாள். அந்த வெள்ளிக்கிழமையே அம்மா போய்விட்டாள். அதற்கு மட்டும் காசிராஜன் மருமகனாய் வாடகைக் கார் பிடித்து, மாலையோடு முறையாக அழைத்துப் போனார். ஒழுங்காக ஆடத் தெரியாமல் அம்மா முகத்தை உயிரோடு பார்க்காமல் விட்டோமே என்று கஸ்தூரி தன்னையே திட்டிக்கொண்டாள். அதன்பின் பலகையைத் தொடவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பாங்க்காரர் மனைவி கோகிலாம்பாள், பொழுது போகாமல் அவளை ஆடக் கூப்பிட்டாள். கஸ்தூரி மறுக்க மனமில்லாமல் உட்கார்ந்தாள். கோகிலாம்பாள் குதிரையை நகர்த்தி "செக்" என்றாள்.

"குதிரை செக் செல்லாதே, தாயி."

"அப்படி யாரு சொன்னது அக்கா? ராஜாவைத் தவிர எல்லாக் காயும் செக் வைக்கும்."

கஸ்தூரி பாதி ஆட்டத்தில் எழுந்து வந்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவரிடம் கேட்டாள்.

"எங்கம்மா சாகக் கெடந்தப்ப குதிரையை வச்சு செக் சொன்னேனே. அன்னைக்கு நான் ஜெயிச்சிட்டேன்ல?"

காசிராஜன் நிமிர்ந்தார். நடிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார், பிடிபடவில்லை.

"எந்த ஆட்டத்தச் சொல்ற? ரசத்த ஊத்து."

அவருக்கு அது நினைவில்கூட இல்லை. இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வந்த கஸ்தூரி, ரசத்தை ஊற்றினாள்.