காய்ச்சல் என்று சொன்னேன்

பெரட்டில் கணக்கெழுதும் கிராணி யார் பெயரைக் கூப்பிட்டாலும் என் வீட்டுக்காரர் "இருக்கேன்யா" என்று பதில் சொன்னார். அதுதான் முதல் அறிகுறி. விடியலில் வேலைக்குக் கிளம்புமுன் எங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மலாயாவில் பீடோங்கை ஒட்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிராணியைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் பால் வாளியை மரத்தடியில் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கூப்புடுறாங்க மேரி. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

சுங்கை பட்டாணி மருத்துவர் இதை மனச்சிதைவு (இல்லாத குரல்கள் நிஜம் போலக் கேட்கும் நோய்) என்றார். தெற்கே இருந்த பெரிய மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். முதலில் மின் அதிர்ச்சி சிகிச்சை (மயங்கும்படி தலையில் மின்சாரம் செலுத்துவது). பிறகு அப்போதுதான் வந்திருந்த புது மாத்திரை. ஒன்பது மாதத்தில் தேறினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கேட்டவர்களிடம் நான் காட்டுக்காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தேன். பைத்தியக்காரன் பிள்ளைகள் என்று என் பிள்ளைகளை யாரும் சொல்லிவிடக் கூடாதே!

வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த மருத்துவர் என்னிடம் சொன்னார்: "கொரல் திரும்ப வரலாம்மா. வந்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். வேல ரொம்ப முக்கியம். சும்மா ஒக்கார விடாதீங்க."

தோட்டத்தில் அவர் பால் வெட்டிய மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து எழுதிக் கேட்டதன்பேரில் அரசாங்கத்தின் லேபர் ஆபீஸ் அவருக்குச் சடக்கு (சாலை) போடும் வேலை பார்த்துக் கொடுத்தது. அங்கிருந்த கிராணி ஒட்டிய உறை ஒன்றை நீட்டினார்.

"இத அங்க வேல வாங்குற மண்டோர் கையில குடுங்க. அவர எப்படி வச்சுக்கணும்னு எல்லாம் இதுல இருக்கு. மறந்துடாதீங்கம்மா."

நான் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மனசு ஆறும்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் அது. லயங்களைச் சுற்றி முள்கம்பி. போகும்போது காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி ஒளித்திருக்கிறோமா என்று பார்ப்பார்கள், வரும்போது கடுதாசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்டில் பெண்களைச் சோதிப்பவள் எங்கள் லயத்துச் செல்லம்மாவேதான். ஓட்டை வாய். கடுதாசி சிக்கினால் பிரித்துப் போலீஸ்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வாள். பொழுது சாய்வதற்குள் நூறு வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே உறையைப் பீடோங்கில் காதர் பாய் மளிகைக் கடையில் விட்டேன். திங்கட்கிழமை காலையில் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "நீ எப்ப வந்தாலும் இங்கதான் இருக்கும் தங்கச்சி" என்றார்.

திங்கட்கிழமை கடையைத் தாண்டித்தான் போனோம். சடக்கோரம் எங்கள் தோட்டத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் கண்ணெதிரே உறையை வாங்கத் துணியாமல் நேரே நடந்தேன். வேலையிடத்தில் மண்டோர் என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்து, "ஆஸ்பத்திரியில இருந்தீங்களாமே, என்ன சீக்கு?" என்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"காய்ச்சலுங்க. இப்ப நல்லாயிடுச்சு."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வேலை நன்றாகத்தான் போனது. கல் பரப்பினார், தார் ஊற்றினார், உடம்பு தேறியது. சாயங்காலம் வந்து பிள்ளைகளிடம் இன்று எதுவரை சடக்கு போட்டோம் என்று கதை சொல்வார். மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்க மட்டும் லீவு கேட்க முடியவில்லை. காய்ச்சல் குணமானவனுக்கு மாதாமாதம் எதற்கு லீவு? நானே போய் மாத்திரை வாங்கினேன். மூன்றாவது மாதம், ஆளை நேரில் பார்க்காமல் தர முடியாது என்றுவிட்டார்கள். மிச்சமிருந்த மாத்திரைகளைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தேன். இந்தக் கையால்தான் உடைத்தேன்.

ஒருநாள் ஊரடங்குச் சங்கு ஊதிய பிறகும் அவர் வரவில்லை. தாங்கள் போட்ட புதுச் சடக்கின் நடுவில் தனியாக நின்று, "இருக்கேன்யா, இருக்கேன்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். துப்பாக்கியோடு ரோந்து வந்த போலீஸ்காரர்கள் சுட்டிருக்கலாம். அவர்களில் ஒரு மலாய்க்காரருக்கு அவரை அடையாளம் தெரிந்திருக்கிறது. கர்த்தர் காப்பாற்றினார். மறுபடியும் தெற்கே கொண்டுபோனார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. காதர் பாயிடம் உறையை வாங்கினேன். பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார். மண்டோரிடம் கொடுத்தேன். இரண்டு முறை வாசித்தார்.

"மாசத்துல ஒரு நாள் டாக்டர பாக்க விடணும்னு இருக்கும்மா. மறுபடி முடியாமப் போனா ஆறு மாசம் எடத்த வச்சிருக்கணும்னும் இருக்கு. நான் மூணாவது வாரமே வேற ஆளப் போட்டுட்டேனே!"

"தெரியாமப் பண்ணிட்டேங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னு..."

"இதே மாதிரி காயிதத்தோட எங்கிட்ட ரெண்டு பேரு இருக்காங்க. யாருன்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன்.

"யாருக்கும் தெரியாது. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

அந்த வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து வந்தவருக்குக் கை நடுங்கியது, நாக்கு தடித்திருந்தது, ஒரு சட்டைப் பித்தான் போட வெகுநேரம் ஆனது. ஆனாலும் சடக்கு வேலைக்குப் போகும் நேரத்துக்குத் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "கொரல் திரும்ப வந்தப்ப எங்கிட்ட ஏங்க சொல்லல? டாக்டர் சொல்லச் சொன்னாரே!"

"நீ மண்டோர்கிட்ட காய்ச்சல்னு சொன்னியே மேரி. அப்பவே வெளங்கிடுச்சு, இது வெளிய சொல்லக்கூடாத சீக்குன்னு. அதான் உங்கிட்டயும் சொல்லல."

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். உங்கள் கையிலும் அப்படியொரு கடுதாசி வரலாம். தயவுசெய்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஊர் வாய் நாலு நாளில் மூடிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் இப்போது பொழுது பெரட்டில் விடிவதில்லை. தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்து, கோப்பை ஆடாமல் நானும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்: "இன்னிக்குக் கேக்குதாங்க?" சில நாள் இல்லை என்கிறார். சில நாள், "ஒண்ணு மட்டும்" என்கிறார். அதைச் சொன்ன பிறகுதான் இருவரும் குடிக்கிறோம்.