சோக் குமிழில் தொங்கிய பை

"பையை அதுல மாட்டாதீங்க தம்பி!"

குற்றாலிங்கத்தை இதை எழுதுகிறவன் முதலில் சந்தித்தபோது அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே இதுதான். வடகரையில் சாரல் சாய்த்து அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. தென்காசிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவனை, ஒரு பழைய சின்னக் கார் உறுமிக்கொண்டு வந்து ஏற்றிக்கொண்டது. குடும்பத்திலேயே முதன்முதலாக வாங்கிய பட்டம் அந்தப் பைக்குள் இருந்தது. ஈரமான மடியில் வைக்க மனமில்லாமல், எதிரே நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் குமிழில் மாட்டப் போனான்.

"அது சோக்கு. அதுல மாட்டினா வண்டிக்கு மூச்சு முட்டிரும். இந்தா, பைக்குன்னே ஒரு கொக்கி வச்சிருக்கேன் பாருங்க."

குமிழுக்கு ஒரு சாண் தள்ளி, பித்தளைக் கொக்கி ஒன்று திருகப்பட்டிருந்தது. சமையலறையில் கரண்டி மாட்டுவார்களே, அந்த மாதிரி. காருக்குள் அதற்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, தென்காசி போய்ச் சேரும்வரை அவர் சொன்னதுதான் இந்தக் கதை.

குற்றாலிங்கம் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஏட்டையா என்றால்தான் தெரியும். மகள் ஜெயசித்ரா பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு டவுன் பஸ்ஸில்தான் வந்தார்கள். கூட்டத்தில், பச்சைப் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, பாதி வழி நின்றபடியே வந்தாள் அவர் மனைவி சங்கரேஸ்வரி. பிறகு யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். சங்கரேஸ்வரி அதை அன்றே மறந்துவிட்டாள். அவருக்குத்தான் அது உள்ளே கிடந்தது. ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக இந்தக் காரை வாங்கினார்.

சாவியைத் திருகியதும் கிளம்புகிற இந்தக் காலத்து வண்டி இல்லை அது. குளிர்ந்து கிடக்கும்போது சோக் குமிழை முழுக்க வெளியே இழுக்க வேண்டும். அப்போது கார்புரேட்டருக்குள் காற்று குறைந்து பெட்ரோல் தூக்கலாகப் போகும்; எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சூடு ஏற ஏறக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் இருமி நின்றுவிடும். தள்ள மறந்தாலோ கரும்புகைதான். இந்தப் பக்குவம் கைக்கு வந்த நாளில் அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஹாரன் அடித்தார்.

அடுத்து கார்புரேட்டரை ட்யூன் பண்ணவும் தானே கற்றுக்கொண்டார். அதை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகுதான் செய்ய வேண்டும். அப்போதெல்லாம் அவர் காரை எடுப்பதோ வெள்ளிக்கிழமை சங்கரேஸ்வரியை இலஞ்சி முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போக மட்டும். மற்ற நாளெல்லாம் மொபெட்தான். ஆகவே கோயில் வாசல் மரத்தடியே அவருடைய பட்டறை ஆனது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அவர் முன்மூடியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்துகொள்வார். ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் எஞ்சின் ஓட்டம் கூடும், குறையும். இன்னொன்று பெட்ரோலும் காற்றும் கலக்கிற அளவு. காதைச் சாய்த்து, சத்தம் சீராகிறவரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றித் திருகுவார்.

உள்ளே சங்கரேஸ்வரி முன்சீட்டில் உட்கார்ந்திருப்பாள்.

"ஏங்க, நடை சாத்திரப் போறாங்க."

"ஒரு நிமிசம் பொறுட்டி. இப்பத்தான் சொருதி சேருது."

"முருகனே எந்திரிச்சு வந்து முடிச்சுட்டீரான்னு கேக்கப் போறாரு."

இப்படியே வருஷங்கள் ஓடின. பூனை உறங்குகிற மாதிரி ஒரே சீராக ஓடியது வண்டி.

போன கோடையில் ஜெயசித்ராவுக்குப் பிரசவம். சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தாய் வீட்டுக்கு மகள் வருவதற்குப் பதில் தாய் மகள் வீட்டுக்குப் போனாள். ஆண் குழந்தை. குழந்தைக்குக் கழுத்து நின்றதும் இரண்டு பேரையும் வடகரைக்குக் கூட்டிவருவதாக ஏற்பாடு.

பேரன் தன் காரில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்பது குற்றாலிங்கத்தின் ஒரே ஆசை.

மனைவி போன அடுத்த வாரம், பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று தனியாகக் காரை எடுத்தார். சோக்கை இழுத்துக் கிளப்பினார், கிளம்பியது. குமிழை உள்ளே தள்ளினார், நின்றது. மறுபடி கிளப்பினால் மறுபடி நின்றது. செங்கோட்டை போய்த் திரும்புவதற்குள் எத்தனை இடத்தில் நின்றது என்று அவருக்கே கணக்கில்லை.

போலீஸ் மூளை விழித்துக்கொண்டது. முதல் சந்தேகம் பெட்ரோல் மேல். பெட்ரோல் பங்க்கை மாற்றிப் பார்த்தார். அடுத்து, எலி எதையாவது கடித்திருக்குமோ என்று டார்ச் அடித்துத் தேடினார். கடைசியாகச் செங்கோட்டை மெக்கானிக் உவைஸிடம் கொண்டுபோனார். உவைஸ் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏட்டையா, எந்தப் படுபாவி கைய வச்சான் இதுல? பெட்ரோலே போகாத அளவுக்கு இறுக்கி வச்சிருக்கான். வண்டி என்ன விரதமா இருக்கு?"

அந்தப் படுபாவி தான்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எவனோ ஒருத்தன் செஞ்சுட்டாம்டே. நீ விடு, நானே பாத்துக்கிடுதேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. அன்று சீராக ஓடிய எஞ்சின், ஒரு ஸ்க்ரூவும் தொடாமல் இன்று எப்படிப் பட்டினி கிடக்கும்? விடை தெரியாமலே, தினமும் புளியறைவரை ஓட்டிச் சூடாக்கி, ஒரு சாப்பாட்டுக் கடை ஓரம் நிறுத்தி, தனியாகக் குனிந்து முதலிலிருந்து ட்யூன் பண்ணினார். லாரிக்காரர்கள் டீயும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவழியாகப் பழைய சத்தம் திரும்பியது.

அன்று மாலையே ஜெயசித்ரா போனில் பேசினாள்.

"அப்பா, உங்க மாப்பிள்ளை டாக்சி சொல்லிருதேங்காங்க. வண்டி வழியில நின்னுட்டா பிள்ளைய வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய?"

"நிக்காதும்மா."

"நின்னா?"

"நின்னா நீ டாக்சியிலயே போ. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டார். சொன்ன கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு கார்ப் பக்கம் போனார்.

ரயில் வந்த காலை நல்ல சாரல். தென்காசி ஸ்டேஷன்வரை கார் ஒருதரம்கூட இருமவில்லை. சங்கரேஸ்வரி முன்சீட்டில் ஏற, ஜெயசித்ரா குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தாள். அவர் பெட்டிகளை அடுக்கி முடித்து வந்து, பேரனை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, வண்டியை எடுத்தார். இலஞ்சியில் குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டுப் போகலாம் என்று குற்றாலம் வழியாகத் திரும்பினார்கள்.

சீசன் கூட்டம். தலையில் ஈரத்துண்டும் உடம்பில் எண்ணெய் மினுமினுப்புமாக ஜனங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். கார் ஊர்ந்தது. ஊர ஊர அதன் சத்தம் கனத்தது. பின்னால் கரும்புகை கிளம்பியது. அருவிக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுவிட்டது.

பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின. குழந்தை அழ ஆரம்பித்தது.

"அப்பா" என்றாள் ஜெயசித்ரா மெதுவாக. கையில் போனை எடுத்துக்கொண்டாள்.

குற்றாலிங்கம் இறங்கி முன்மூடியைத் திறந்தார். பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. அன்றைக்குப் பட்டினி கிடந்த எஞ்சினுக்கு இன்றைக்கு அஜீரணம். மழையில் நனைந்தபடி தன்னையே விசாரித்தார். காலையில் ஸ்டேஷனுக்கு வரும்போது நன்றாக இருந்தது. அப்போது இல்லாமல் இப்போது இருப்பது எது? பெட்டி இருக்கிறது, மகள் இருக்கிறாள், பேரன் இருக்கிறான்...

மூடி ஓரமாகச் சாய்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். சங்கரேஸ்வரி குழந்தைக்குத் துண்டு எடுப்பதற்காகத் தன் பெரிய தோல்பையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில், குடை, டார்ச், திருநீற்று டப்பா எல்லாம் அடைத்த கனமான பை. அது தொங்கிய இடம் சோக் குமிழ். பையை எடுத்த பிறகும் குமிழ் பாதிவரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் எஞ்சினைச் சூடாக்கிக் குமிழை உள்ளே தள்ளிய பிறகுதான் அவள் வந்து ஏறுவாள்; அதற்குமேல் அவர் அந்தக் குமிழைப் பார்த்ததே இல்லை. அத்தனை வெள்ளிக்கிழமையும் கோயில் வாசலில் அவர் காதைச் சாய்த்துக் கேட்டது, அந்தப் பை தொங்கிய எஞ்சினின் சத்தத்தை. பை இழுத்து வைத்த அதிகப் பெட்ரோலை, என்ன ஏதென்று தெரியாமலே, அவர் ஸ்க்ரூவில் குறைத்துச் சரிக்கட்டியிருந்தார். அவள் ஊரில் இல்லாதபோது வண்டி பட்டினி கிடந்தது. அதைச் சரிசெய்து வைத்திருந்தபோது அவள் பையோடு திரும்பி வந்துவிட்டாள்.

ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குமிழைப் பெருவிரலால் உள்ளே அழுத்தினார். மூடியைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி சாவியைத் திருகினார். எஞ்சின் சுற்றியது, தும்மியது, ஒரு பொதி கரும்புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. ஜெயசித்ரா போனைப் பைக்குள் போட்டாள்.

கூட்டம் கடந்ததும் அவர் குமிழைக் காட்டிக் கேட்டார்.

"எப்பயிருந்துட்டி பைய இதுல மாட்டுதே?"

"வண்டி வாங்குன நாள்லயிருந்துதான். ஏன்?"

"இது சோக்குல்லா. பை கனத்துக்கு வெளிய வந்துருது."

சங்கரேஸ்வரி மடியிலிருந்த பையைக் குனிந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "ஒருநா பைய மடியில வச்சேன். வண்டி வெடவெடன்னு ஆட ஆரம்பிச்சுட்டு. திரும்ப மாட்டுனேன், சரியாப் போச்சு. பை தொங்குனாத்தான் வண்டிக்குப் பிடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அதுலயிருந்து கழத்துறதே கிடையாது."

"அத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா என்ன சொல்லுவீங்க? 'ஒனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்'பீங்க."

பின்சீட்டில் ஜெயசித்ரா சத்தமாகச் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முழுதாக வரவில்லை. ஊரில் எல்லாரையும் விசாரித்தவர், பக்கத்தில் இருந்தவளை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கும்.

இலஞ்சியில் பேரன் நெற்றியில் திருநீறு பூசினார்கள். அங்கிருந்து வடகரைவரை கார் எங்கும் நிற்கவில்லை. வாசலில் ஆரத்தித் தட்டோடு பக்கத்து வீட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். பேரன் தூங்கிக்கொண்டே இறங்கினான்.

மறுநாள் குற்றாலிங்கம் சமையலறைச் சுவரிலிருந்து ஒரு கொக்கியைக் கழற்றிக் காருக்குக் கொண்டுபோனார். எங்கே திருகலாம் என்று சங்கரேஸ்வரியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் முன்சீட்டில் உட்கார்ந்து, பையை நீட்டிப் பார்த்து, இடத்தைக் காட்டினாள்.

ஜெயசித்ராவும் குழந்தையும் இப்போது சென்னையில் இருக்கிறார்கள். குற்றாலிங்கமும் சங்கரேஸ்வரியும் வடகரையில்தான் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதே காரில் இலஞ்சிக்குப் போகிறார்கள். பை கொக்கியில் தொங்குகிறது.