எண்பத்துநான்கு படியும் ஓர் எண்ணெய்க் கடையும்

கொரியாவின் பூசான் நகரத்து மலைச்சரிவில் எங்கள் தெருவுக்கு எண்பத்துநான்கு படிகள். உச்சிப்படியில் கும்-ரேயின் எள்ளெண்ணெய்க் கடை. அந்த வாசலை எட்டும்போதெல்லாம் மால்-சூன் அக்காவுக்கு நெஞ்சைப் பிசைந்தாற்போல் வலிக்கும். எதிரே இருக்கும் கல்லில் உட்கார்ந்து கடையை முறைப்பாள். ஐந்து நிமிடத்தில் வலி போய்விடும்.

"முறைச்சாத்தான்டி போகுது," என்பாள் என்னிடம். சந்தையில் அவள் நெத்திலிக் கருவாடு விற்றாள். பக்கத்துக் கடையில் நான் கடற்பாசி.

பகை சும்மா வந்ததல்ல. பதினோரு வருடத்துக்கு முன் அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கும்-ரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "அந்தக் குடும்பத்துல நெஞ்சு நோய் இருக்கு. மால்-சூனோட அப்பன் அம்பதுலயே போயிட்டான்," என்று வத்தி வைத்தாள். சம்பந்தம் முறிந்தது. ஆறே மாதத்தில் அதே பையனைத் தன் மகளுக்குக் கட்டி வைத்தாள், பாவி. எனக்கே இன்னும் வயிறு எரிகிறது.

அடக்கிய கோபம் நெஞ்சில் தீயாகத் தங்கும் என்பார்கள் எங்கள் ஊரில். அந்த நோய் வீட்டுக்கு ஒருத்திக்கு உண்டு. அக்காவுக்கும் அதுதான் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். ஆஸ்பத்திரி என்றாலே சீறுவாள்.

"நெஞ்சு நோய்னு எழுதிக் குடுத்துட்டா? அவ சொன்னது நெசமாயிடும். அதுக்கு நான் செத்தே போறேன்."

பிப்ரவரிக் குளிரில் ஒருநாள் காலை, சந்தையில் இரண்டு பெட்டி நெத்திலியைத் தூக்கி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது கையும் தாடையும் சேர்ந்து வலித்தன.

"அக்கா, இங்க கும்-ரே எங்க இருக்கா?" என்று கேட்டேன். கையோடு டாக்ஸியில் ஏற்றினேன்.

படுக்க வைத்து எடுத்த இசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. "பாத்தியாடி," என்றாள். டாக்டர் விடவில்லை, டிரெட்மில் என்ற ஓடும் பட்டையில் நடக்கவிட்டார். ஆறாவது நிமிடம் வலி வந்தது, இசிஜி கோடுகளும் மாறின.

"படி ஏறினா இதயத்துக்கு ரத்தம் கூடுதலா வேணும்மா. உங்க ரத்தக் குழாய் சுருங்கிக் கிடக்கு, பத்தல, வலிக்குது. உக்காந்தா தேவை குறையுது, வலி போகுது. ஆஞ்சைனான்னு பேரு."

"அப்போ கோபத்தால இல்லையா?"

"கோபமும் வலியக் கிளப்பும். ஆனா அடைப்பு நிஜமா இருக்கு. பிரஷர் வேற ஏறியிருக்கு. வீட்டுல வேற யாருக்காவது இருந்துதா?"

அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்பாவுக்கு," என்றாள்.

ஆஞ்சியோகிராமில் ஒரு குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. அதை விரித்துவைக்க ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் விழுங்க மாத்திரைகள், வலி வந்தால் நாக்கடியில் வைக்க ஒரு குட்டி மாத்திரை. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்துப் படி ஏறினாள், பின்னால் நான். உச்சிப்படியில் அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது. வலி இல்லை. கோபம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இத்தனை வருடமாக அந்த வாசலில் திட்டுவதற்கு அவளிடம் மூச்சு மிஞ்சியதில்லை. அன்று மிஞ்சியது.

"கும்-ரே, வெளிய வாடி."

எள் வறுக்கும் கரண்டியோடு கும்-ரே வந்தாள். எண்ணெய் வாங்க நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"எங்க வீட்டுல நெஞ்சு நோய் இருக்கு. எனக்கே இருக்கு. நீ சொன்னது நெசம். ஆனா அந்தப் பையன் நல்லாருக்கணும்னா சொன்ன? உன் மகளுக்குப் புடுங்கிக்கத்தானே சொன்ன?"

நான்கு பெண்களும் கும்-ரேயைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கடைக்குள் போகத் திரும்பினாள்.

"இன்னிக்கே பதில் சொல்ல வேணாம்," என்றாள் அக்கா. "டாக்டர் தெனமும் நடக்கச் சொல்லியிருக்காரு. நாளைக்கும் வருவேன்."