டப்பியின் அடியில் இருந்த சிங்கம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். இன்றைக்கு மாட்டுங்காவில் ஒரு கடை, செம்பூரில் ஒரு கடை. பழைய வெள்ளி வாங்கி விற்கிற, காலேஜ் படித்த பிள்ளைகள்கூட சந்தேகம் வந்தால் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். சாமானைக் கவிழ்த்து லென்சைக் கண்ணில் வைத்தால் எனக்குப் போதும். ஹாலந்து வெள்ளி என்றால் அடியில் நடக்கிற சிங்கம் இருக்கும், பக்கத்தில் இரண்டு என்ற எண், அது வெள்ளியின் தரத்துக்கு. தலைக்கவசம் போட்ட பெண் தலை, அது அரசாங்கம் சோதித்ததற்கு. ஒற்றை எழுத்து வருஷத்துக்கு. பொடிசாக இன்னொன்று, அது செய்தவனின் சொந்த முத்திரை. ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே கற்றேன். ஏன் கற்றேன் என்பதைத்தான் இதுவரை வெளியே சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. தாராவியில் மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில் அப்பா பாத்திரங்களுக்குப் பேர் வெட்டிக்கொண்டிருந்தார். என் கை அப்போதே அவர் கையைவிடச் சுத்தம். சும்மா சொல்லவில்லை, வாடிக்கைக்காரர்களே என்னைக் கேட்டு உட்காருவார்கள். பழைய பாத்திரத்தைக் கல்யாணச் சீராகக் கொடுப்பதென்றால் எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம். முதலில் பழைய சொந்தக்காரர் பேரை அரத்தால் ராவிவிட வேண்டும், அப்புறம்தான் கல்யாணப் பெண்ணின் பேர். அடுத்தவள் பேரைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி புருஷன் வீட்டுக்குப் போகலாமா? எழுத்து அறியாத வீடுகளில் பேருக்குப் பதில் மீன், பூ என்று ஏதாவது அடையாளம் வெட்டியிருப்பார்கள். அதையும் ராவுவோம்.

அம்மாவின் தங்கை எங்களோடு இருந்தாள். மாட்டுங்காவில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பார்சி அம்மாளைப் பார்த்துக்கொள்வது சித்தியின் வேலை. முப்பதைத் தாண்டிய பிறகு, திலக் நகரிலிருந்து அவளுக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தது. கேள்விப்பட்ட அந்த அம்மாள், தன் தாய்வீட்டு வெள்ளித் தேயிலை டப்பியை எடுத்துக் கொடுத்தாள். மகனிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாளாம்.

டப்பியைக் கவிழ்த்தேன். சிங்கம், பெண் தலை, இங்கிலீஷ் எழுத்து. எனக்கா தெரியாது? பழைய வீட்டுக்காரர்களின் அடையாளம்! சித்தி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் உட்கார்ந்து அத்தனையையும் ராவி, மெருகு போட்டு, அந்த இடத்தில் கொடி சுற்றி அவள் பேரை வெட்டினேன்.

“பாத்தியா பிள்ள, எம் மவ வேலய!” என்று அப்பா சித்தியிடம் பெருமையடித்தார்.

சித்தி அடிப்பாகத்தை விரலால் தடவினாள். “அது பேரு இல்லட்டி… அந்தம்மா அதத் தொட்டுத் தொட்டுல்லா காமிப்பாவ,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“இப்ப ஒம் பேரு இருக்குல்லா, சித்தி,” என்றேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எனக்கு நினைப்பு.

அடுத்த வாரமே அந்த அம்மாள் போய்விட்டாள். மகனிடம் சொன்னாளோ, சொல்லாமலே போனாளோ. சில நாள் கழித்து அந்த மகன் எங்கள் சந்துக்கே தேடி வந்தார். கல்யாண நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்திருந்த நேரம். மரியாதையான மனிதர்தான். அம்மா கொடுத்தது என்றால் உன்னிடமே இருக்கட்டும், ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று இந்தியில் சொன்னார். சித்தி டப்பியை நீட்டினாள். வாங்கிக் கவிழ்த்தவரின் முகம் மாறிவிட்டது.

“சோரி கா மால் நஹீ, தோ நிஷான் கியோ மிட்டாயா?” திருட்டுப் பொருள் இல்லையென்றால் முத்திரையை எதற்காக அழித்தாய் என்று கத்தினார். யார் அழித்தது என்றும் கேட்டார்.

அப்பா அரத்தைக் காலால் மெல்லப் பாய்க்கு அடியில் தள்ளினார். முத்திரை அழிக்கிற கடை என்று போலீஸ் காதுக்குப் போனால் அதோடு கடைக்குப் பூட்டுதான். “நான்தா…” என்று நான் வாயைத் திறந்ததும் அவர் கை வந்து பொத்தியது. “ஏட்டி, சும்மா கெட,” என்று காதுக்குள் சீறினார்.

சித்தி அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “மைனே கியா, சேட்,” என்றாள். நான்தான் செய்தேன் என்று.

போலீஸ் வரைக்கும் போகவில்லை என்று பெரிய மனது பண்ணிவிட்டு, டப்பியோடு அந்த மகன் நடந்தார். மாப்பிள்ளை வீட்டார், நாங்கள் கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்தார்கள். “நல்லவேள, தாலி கெட்டுததுக்கு முந்தியே தெரிஞ்சுது,” என்றார் ஒருவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

அந்தக் கல்யாணம் நின்றது. அதற்குப் பிறகு அவளை யாரும் கேட்டு வரவும் இல்லை. அப்பா அவளுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துத் தன் கடையைக் காப்பாற்றிக்கொண்டார். நான் இத்தனை பெரிய ஆளாக வந்தது அந்தக் கடையிலிருந்துதான்.

சித்தி புறப்பட்ட அன்று நான் பரணில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். “ஏட்டி, ஒரு தடவ கீழ வந்துட்டுப் போயேன்,” என்று ஏணியடியில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் இறங்கவில்லை. அவ்வளவு அழகாக நான் வெட்டிய எழுத்தை, அத்தனை பேர் முன்னால், தன் கைவேலை என்று சொல்லிவிட்டாளே என்று அவள்மேல் எனக்குக் கோபம்.