விலை குறைந்த மாத்திரை

எழுபதுகளின் கடைசியில் மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். மருந்தாளுநர் படிப்பு முடித்தவன் அங்கே நான் ஒருவன்தான். எந்த மருந்து தீரப்போகிறது, எதை வரவழைக்க வேண்டும் என்று பார்ப்பதெல்லாம் என் பொறுப்பு.

முக்கியமான மருந்துகளுக்கு அரசாங்கமே விலையைக் கட்டிவிட்டது என்று செய்தி வந்தபோது, புது விலைப்பட்டியலில் நான் முதலில் தேடியது வலிப்பு மாத்திரையைத்தான். என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தினமும் தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டால் ஒன்றும் செய்யாது. விளாங்குடியில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தாள். விலை நன்றாகவே குறைந்திருந்தது.

"இனிமே உன் மாத்திரை மிட்டாய் விலைதான்" என்று அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு ரெண்டாப் போடவா?" என்று சிரித்தாள்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. வாரத்துக்கு வாங்கிக்கொண்டிருந்த ஏழைகள் மாதத்துக்குச் சேர்த்து வாங்கினார்கள். பிறகு சரக்கு குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது. மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி வந்தபோது கேட்டேன்.

"இந்த விலைக்குக் கட்டுப்படியாகாதுன்னு கம்பெனியில போடுறதையே நிறுத்திட்டாங்க சார். அதே மருந்தோட வைட்டமினச் சேத்து வேற பேர்ல விடுறாங்க. அதுக்கு அரசாங்க விலை கிடையாது" என்று ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். பழையதைவிடப் பல மடங்கு விலை போட்டிருந்தது.

கடையில் பழைய மாத்திரை ஒரே ஒரு டப்பா மிச்சம் இருந்தது. அதற்குரிய பணத்தைக் கல்லாவில் போட்டுவிட்டு, டப்பாவைத் துணிப்பையில் சுற்றி என் மேஜையின் அடி இழுப்பறைக்குள் வைத்தேன். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்பைவிட மோசமாக வரும். அது தெரிந்துதான் ஒளித்தேன்.

அன்று சாயங்காலம் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். மாதாமாதம் மனைவிக்காக அதே மாத்திரை வாங்குகிறவர்.

"எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டேண்ணே. நேத்தோட தீந்துபோச்சு. பத்து மாத்திரை இருந்தாக்கூடப் போதும்."

"இல்லண்ணே" என்றேன்.

புது அட்டையை எடுத்துக் காட்டினேன். விலையைக் கேட்டதும் அதைத் தொடவில்லை.

"இம்புட்டுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? வேற எங்கயாச்சும் பாக்குறேன். வாரேண்ணே."

அவர் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். பத்து மாத்திரைதான் கேட்டார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்து, தீக்காயத்துக்குக் களிம்பு கேட்டார். யாருக்கு என்றேன்.

"வீட்டுல அவளுக்குத்தான். ஒல வச்சிருக்கையில இழுத்து அடுப்புலயே விழுந்துட்டா. நான் வயல்ல கெடந்தேன். பக்கத்து வீட்டுக்காரங்க வந்து தூக்குறதுக்குள்ள வலது கையும் கழுத்தும் வெந்துபோச்சு. இப்ப ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்துட்டோம். அங்கயும் அந்த மாத்திரை இல்லைன்னுட்டாங்க. நித்தமும் ரெண்டு தடவ இழுக்குது."

"நாளைக்கு வாங்க. மாத்திரைக்கு ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

டப்பா அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தது. அன்று தங்கையிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் எழுந்துபோய் டப்பாவைக் கொண்டுவந்தாள். மாத்திரைகளை முறத்தில் கொட்டி, நடுவில் கையால் கோடு போட்டுப் பிரித்தாள்.

"அன்னைக்கே ஏண்ணே குடுக்கல?"

"உனக்கு வேணுமேன்னுதான்."

"என் பேரச் சொல்லாத" என்றாள். அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

மறுநாள் பொட்டலத்தை வாங்கிக்கொண்ட விவசாயி, "இன்னைக்குத்தான் வந்துச்சாண்ணே?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

எங்கள் பங்கு தீர்ந்தபிறகு தங்கைக்கு அந்த வைட்டமின் சேர்த்த மாத்திரையைத்தான் வாங்கினோம். இரண்டு சம்பளம் வருகிற வீடு. சிரமமாக இருந்தது, ஆனால் முடிந்தது. முதல் நாளே அதை வாங்கியிருக்க முடியும் என்பதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

மறு வருடம் வேறொரு சின்னக் கம்பெனி பழைய மாத்திரையை அரசாங்க விலைக்கே போட ஆரம்பித்தது. விவசாயி மாதாமாதம் வந்தார். ஒருமுறை மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். முந்தானை விலகியபோது பார்த்தேன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடங்கியிருந்தன. பொட்டலத்தை இடது கையால் வாங்கினார்.

"நீங்க அன்னைக்கு எங்கேயோ தேடிக் குடுத்தீகளாம். அதுலதான் பொழச்சுக் கெடக்கேன். நல்லாருக்கணும்ணே நீங்க."

அவர் கணவரும் தலையசைத்தார். இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல், அடுத்து நின்றவரின் சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன்.